பக்கத்து வீட்டுக் கிணறு

ஏரிக்குக் கீழே, இரண்டாம் மடைப் பாசனத்தில் போன வாரம் கல் நட்டுவிட்டார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த குட்டைக் கல், கல்லுக்குக் கல் வெள்ளை நூல். வயலில் செம்மண் கொட்டி மட்டம் அடித்ததில் வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. சாலை முனையில் ஒரு வளைவு எழும்பி, அதில் 'நகர்' என்று முடிகிற ஒரு பெயரும் ஏறிவிட்டது. அக்டோபர் 2 கிராம சபையில் அந்த நிலத்தை விவசாயத்திலிருந்து குடியிருப்புக்கு மாற்ற ஊருக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு தீர்மானம் வரப்போகிறது. கூடவே இன்னொன்று: பள்ளிக்கூடத் தெருவுக்குப் பின்னால் பழைய பிளாஸ்டிக் அரைக்க ஒரு ஷெட்.

நம்மில் பாதிப் பேர் அன்றைக்குப் போகமாட்டோம். போகிறவர்களில் பாதிப் பேர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்கு வந்துவிடுவோம். அந்தக் கையெழுத்துதான் பின்னால் சம்மதமாக எழுதப்படும். இந்த முறை தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஊர்க்காரர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இதைப் படிக்கிற நீங்கள் ஏரியும் கழனியும் வீடுகளும் கலந்த எந்த ஊரில் இருந்தாலும், அந்த மஞ்சள் கல்லைப் பார்த்திருப்பீர்கள்.

31 வருஷம் நில அளவராக இருந்தவன் நான். சங்கிலி பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் நான், மறுமுனையில் ஊர்க்காரர் ஒருவர். அப்படி நூற்றுக்கணக்கான பேரோடு கழனிகளில் நடந்திருக்கிறேன். நடக்கும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. என் பட்டா, என் நிலம், வரி கட்டுவது நான். இதில் வீடு கட்டுவதா, ஷெட் போடுவதா, கூறு போட்டு விற்பதா என்று சொல்ல ஊர் யார், சர்க்கார் யார்? நியாயமான கேள்விதான். சட்டப் பிரிவுகளைச் சொல்லி இதற்குப் பதில் சொன்னால் யாருக்கும் மனசில் தங்காது. ஆகையால் ஒரே ஒரு மனையை எடுத்துக்கொண்டு அளந்து காட்டுகிறேன்.

முப்பதுக்கு நாற்பது. 1,200 சதுர அடி, மூன்று சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. இன்றைக்கு நம் பக்கத்தில் அதிகம் விற்பது இந்த அளவுதான். நகரம் மாதிரி பாதாளச் சாக்கடை இங்கே கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அதிலிருந்து வழியும் நீர் உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் போகும். குடிக்கிற தண்ணீரும் அதே மண்ணிலிருந்து போர் போட்டுத்தான் வருகிறது. அப்படிக் கழிவுநீரை மண்ணில் விடும் குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பு வகுத்த அளவு. ஏறக்குறைய 60 அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நூல் பிடித்துப் பாருங்கள். சரியாக 50 அடி வரும். கிணற்றை இந்த மூலையிலும் குழியை அந்த மூலையிலும் வைத்தால்கூடப் பத்தடி குறையும்.

இத்தோடு முடியவில்லை. நம் ஆட்கள் வாஸ்து பார்க்காமல் வீடு கட்டுவதில்லை. போர் ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில். செப்டிக் டேங்க் வாயு மூலையில், வடமேற்கில். இப்போது கிழக்கு மேற்காக வரிசையாக ஐந்து மனை என்று வையுங்கள். என் வடமேற்கு மூலை எங்கே முடிகிறதோ, அங்கேதான் மேற்குப் பக்கத்து வீட்டுக்காரரின் வடகிழக்கு மூலை தொடங்குகிறது. என் செப்டிக் டேங்கும் அவர் போரும் ஒரே காம்பவுண்டுச் சுவரின் இரண்டு பக்கம். நடுவே ஐந்தடி இருந்தால் அதிகம். நான் ஒரு தப்பும் செய்யவில்லை, அவரும் செய்யவில்லை. ஆளுக்கு ஆள் தன் மனைக்குள் எல்லாம் முறைப்படி கட்டியிருக்கிறோம். அவர் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

மனைப்பிரிவுக்கு அனுமதி என்று ஒன்றை வைத்தது இதற்காகத்தான். ஒவ்வொருவரும் தன் வேலிக்குள் பார்த்தால் தெரியாதது, வரிசை முழுவதையும் ஒரே தாளில் பரப்பிப் பார்த்தால் தெரியும். ஏழைகள் சின்ன மனை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு கிரவுண்டு வாங்க முடிந்தவன் மட்டும் வாழ்வதற்கு இது என்ன தேவலோகமா? மனை சின்னதாக இருந்தால் தண்ணீர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரட்டும், கழிவுக்குப் பொதுவாக ஓர் ஏற்பாடு இருக்கட்டும். அந்தக் கேள்வியை மனை விற்கும் முன்பே விற்பவரிடம் கேட்க ஒருவர் வேண்டும். விற்ற பிறகு கேட்டால் பதில் சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். ஆபீஸ் வைத்திருந்த ஓலைப் பந்தல்கூட இருக்காது.

நிலத்தை வகை பிரித்து விதி வைப்பதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று நினைப்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகும்போது கல்வெட்டுகளின் பக்கம் கொஞ்சம் நிற்கலாம். ராஜராஜன் கோயிலுக்கு எழுதிவைத்த ஊர்களை, வேலி என்கிற நில அளவின் நுண்ணிய பின்னம் வரை அளந்து கல்லில் பொறித்திருக்கிறார்கள். அளந்த மொத்தத்திலிருந்து வரி இல்லாத நிலங்களைத் தனியாகக் கழிக்கிறார்கள்: ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சுடுகாடு. வீடு எங்கே, நீர் எங்கே, பிணம் எரிப்பது எங்கே, விளைச்சல் எங்கே என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கோடு போட்டு வைத்திருந்தார்கள். உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் வருகிற வாரியங்களில் ஏரி வாரியம் ஒன்று. ஏரியைப் பார்த்துக்கொள்வது ஓர் ஆளின் தயவில் விடப்படாமல், ஊர் தேர்ந்தெடுத்த வாரியத்தின் கடமையாக இருந்தது.

அதே தஞ்சைப் பட்டியலில் கம்மாளர் சேரியும் பறைச்சேரியும் தனித்தனியாக இருக்கின்றன. இதைச் சொல்லாமல் தாண்டிப் போனால் நான் பொய்யனாவேன். நிலத்தை வகை பிரித்த அதே கை மனிதரையும் வகை பிரித்தது. அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. குப்பை கொட்ட இடம் தேடும்போதும், நாற்றமடிக்கும் ஷெட்டுக்கு இடம் தேடும்போதும் நம் விரல் தானாகக் காலனிப் பக்கம்தான் நீளுகிறது. பிளாஸ்டிக் ஷெட்டைப் பள்ளிக்கூடத் தெருவில் வேண்டாம் என்று எதிர்க்கிறவர்கள், அதைக் காலனிக்குப் பின்னால் கொண்டு போங்கள் என்று சபையில் எழுந்து சொன்னால், அன்றைக்கு நான் உங்களுக்கு எதிராகத்தான் பேசுவேன். எந்த வேலை எங்கே நடக்கலாம் என்று பிரிக்கத்தான் விதி. யார் எங்கே வாழலாம் என்று பிரிக்க நமக்கு உரிமை கிடையாது.

ஷெட்டைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுக்கு மேல் சத்தம் போகக் கூடாது. தொழில் பகுதியில் அதே நேரத்துக்கு 70 வரை போகலாம். உங்கள் தெரு எந்த வகை என்று காகிதத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் நீங்கள் கொடுக்கிற புகாருக்கு மதிப்பு. நாலு பேருக்கு வேலை கிடைக்குமே என்று இரக்கப்பட்டு வகையை மாற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு தூங்க முடியவில்லை என்று மனு எழுதினால் எடுபடாது. வேலை வேண்டியதுதான். அதற்கென்று தள்ளி ஓர் இடம், வடிகால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை எல்லாம் பார்த்துக் கொடுப்போம். நொய்யல் கரையில் அதைப் பார்க்காமல் விட்டதால் என்ன ஆனது என்று கொங்கு நாட்டு உழவர்களைக் கேளுங்கள். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. அணையால் பிழைக்க வேண்டிய உழவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2011-ல் சாயப் பட்டறைகளை மூட உத்தரவு வந்தபோது உழவனும் அழுதான், பட்டறைத் தொழிலாளியும் அழுதான்.

இனி நான் செய்த தப்பு.

வேலைக்குச் சேர்ந்த சில வருஷத்தில் ஒரு மனைப்பிரிவுக்கு எல்லை காட்டப் போனேன். பட்டா நிலத்தை ஒட்டி ஓர் ஓடைப் புறம்போக்கு. புலப்படத்தில் இரட்டைக் கோடாகத் தெளிவாக இருந்தது. நான் போனது சித்திரை மாதம். ஓடையில் ஒரு சொட்டு நீர் இல்லை, வேலிக்காத்தான் மண்டிய பள்ளம், அவ்வளவுதான். மனை போட்டவர் என்னிடம் தன் பட்டாவின் எல்லையை மட்டும் கேட்டார். அளந்து காட்டிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போகையில் பள்ளத்தில் டிராக்டர் டிராக்டராக மண் கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் கேட்கவில்லையே, நான் ஏன் வம்பில் மாட்ட வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பல மழைக்காலம் போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. ஓடை இருந்ததையே ஊர் மறந்துவிட்டது, ஏறக்குறைய நானும்.

2015 கார்த்திகையில் ஓடைக்கு அது போன வழி ஞாபகம் வந்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய செய்திதான் எல்லோருக்கும் தெரியும். அடையாற்றுப் படுகையை ஒட்டி, ஒரு காலத்தில் கிராமமாக இருந்து நகர்களாக மாறிய ஊர்கள் அவை. அதே ராத்திரி எங்கள் பக்கத்திலும் அந்த மனைப்பிரிவுக்குள் நீர் புகுந்தது. விடிந்ததும் போனேன். மார்பளவு தண்ணீரில் ஓர் அம்மா ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தலைமேல் ஒரு மஞ்சள் பையைத் தாங்கிக்கொண்டு வந்தார். கரையேறியதும் முதல் வேலையாகப் பையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே கிரயப் பத்திரம், பாலித்தீன் கவரில் சுற்றியபடி நனையாமல் இருந்தது. "இது இருக்கு சார், இது போதும்" என்றார். அந்தப் பத்திரத்தின் நான்கெல்லையில் வடக்கே 'ஓடை' என்று எழுதியிருக்கும். எனக்குத் தெரியும். அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டிருப்பதை நான் அடக்கம் என்று நினைப்பதில்லை.

இப்போது சட்டம் இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. ஏரிகளைக் காக்க 2007-ல் தனிச் சட்டம் வந்தது. 2019-ல் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. குறைவாக இருப்பது நம் பொறுமை. எப்படியும் ஒரு நாள் சரிபண்ணிக் கொடுப்பார்கள் என்கிற நம்பிக்கை நம் எலும்பில் ஊறிவிட்டது. 1999 பிப்ரவரி வரை கட்டிய மீறல்களைப் பணம் கட்டி வரன்முறைப்படுத்தலாம் என்று நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். அந்தக் கெடு பிறகு நகர்ந்துகொண்டே போனது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யவே கூடாது என்றது. அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அடுத்த மே மாதமே, அந்தத் தேதிக்கு முன் விற்ற மனைகளுக்கு வரன்முறை விதிகள் வந்துவிட்டன. ஏமாந்து வாங்கிய ஏழைகளைக் கைவிட முடியாது என்பது புரிகிறது. ஆனால் விதிப்படி பூங்காவுக்கு இடம் விட்டவன், சாலைக்கு இடம் விட்டவன், ஓடையிலிருந்து தள்ளிக் கட்டியவன், இவர்களுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? தப்பு செய்தவனுக்குக் கட்டணம். செய்யாதவன் வாசலில் தண்ணீர்.

பூங்கா என்றதும் நினைவு வருகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கித் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். எங்கள் மேட்டுத்தெருவில் அப்படி விட்ட இடத்தில் பிள்ளைகள் சாயங்காலம் கிரிக்கெட் ஆடுவார்கள். சும்மாதானே கிடக்கிறது, அங்கே ஒரு மருந்தகம் கட்டலாமே, கோயில் கட்டலாமே என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் பூங்காவுக்கென்று வைத்த இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனை நல்ல காரியம்தான், ஆனாலும் பூங்கா இடத்தில் கூடாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. மழை நாளில் தெரு நீரைக் குடிக்கிறது. தீப் பிடித்துக்கொண்டால் ஓடி நிற்க இடம் தருகிறது. பத்து வயதுப் பையன் போன் பார்க்காமல் இருக்க ஒரு மணி நேரம் தருகிறது.

2011-ல் பஞ்சாப் கிராமம் ஒன்றின் குளத்தைப் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், ஆக்கிரமித்தவர்களிடம் நிலத்தின் விலையை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்ற யோசனையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எத்தனை வருஷம் குடியிருந்தாலும், எவ்வளவு செலவழித்துக் கட்டியிருந்தாலும் ஊர்ப் பொது நிலம் பொது நிலம்தான் என்றது. பஞ்சாயத்து உறுப்பினர்களே, அந்தத் தீர்ப்பை ஒரு முறை படியுங்கள். உங்களிடம் கேட்கிற கையெழுத்து உங்கள் சொந்தப் பொருளைப் பற்றியது இல்லை. அடுத்த தேர்தலில் நீங்கள் இருக்கமாட்டீர்கள், அந்தக் கையெழுத்து இருக்கும்.

நிலம் விற்கிற அண்ணன்மாரே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. நெல்லுக்குக் கட்டுப்படியாகிற விலை இல்லை, நடவுக்கு ஆள் இல்லை, மகளுக்குக் கல்யாணம் வருகிறது. விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விற்கும்போது வாய்க்காலையும் சேர்த்து விற்காதீர்கள். அந்த வாய்க்கால் உங்கள் வயலோடு நிற்பதில்லை. கீழே கடைமடையில் ஒன்பது பேருக்கு அதுதான் பாசனம். போன வாரம் செம்மண் கொட்டிய மறுநாள் அவர்களில் ஒருவரைக் கரையில் பார்த்தேன். மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி, நூல் கட்டிய கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருஷமாக அந்த மடையைத் திறந்து கட்டியவர். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார். அவரும் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதியவர்தான்.

மனை வாங்கப் போகிற தம்பிகளே, தங்கைகளே, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று காட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் வேண்டும். 500 சதுர மீட்டருக்கோ எட்டு மனைக்கோ மேல் இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவும் வேண்டும். வில்லங்கச் சான்று மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அ-பதிவேட்டில் பக்கத்து சர்வே எண்கள் என்னவென்று பாருங்கள். ஓடையா, வண்டிப் பாதையா, மேய்ச்சலா என்று அதில் எழுதியிருக்கும். இடத்தைக் கோடையில் பார்க்காதீர்கள், ஐப்பசியில் நல்ல மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்றால், அந்த நூறு ரூபாய் யார் கிணற்றிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். நாளை அது உங்கள் கிணறாகவும் இருக்கும்.

ஊரில் ஏற்கெனவே வீடு இருக்கிறது, நமக்கென்ன என்று இருப்பவர்களிடம் எனக்கு வருத்தம் அதிகம். நீங்கள்தான் பெரும்பான்மை. உங்கள் அமைதியை நம்பித்தான் தீர்மானம் நகல் எடுக்கப்பட்டிருக்கிறது.

மழைக்கு நாள் இல்லை. தீர்மானம் நிறைவேறி, தார்ச்சாலை போட்டு, ஐந்து வீடு எழும்பிவிட்டால் அதன் பிறகு இதெல்லாம் பேச்சு. ஐந்து குடும்பத்தைத் தெருவில் நிறுத்தச் சொல்லி என்னாலும் கேட்க முடியாது, உங்களாலும் முடியாது. நிறுத்த முடிகிற நேரம் இதுதான், நூல் மட்டும் கட்டியிருக்கிற இந்த வாரம்.

தாலுகா ஆபீஸில் மனுப் போட்டு அந்த சர்வே எண்களின் புலப்பட நகலும் அ-பதிவேட்டு நகலும் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டாம் மடை வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதில் இருக்கிறது. சபைக்கு முதல் நாள், அக்டோபர் 1 காலை ஆறரைக்கு, மடைக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் நிற்பேன். பழைய சங்கிலி துரு ஏறியிருந்தாலும் அளவு மாறவில்லை. செம்மண்ணுக்கு அடியில் வாய்க்கால் போகிற வழியை அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, படம் எடுத்துச் சபைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வாருங்கள்.